ஒரு டப்பாவுக்குள் ஐந்து மணி நேரம்

நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘இன்று மின்தடை’ என்றொரு பெட்டிச் செய்தி வரும். பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை இன்னின்ன தெருக்களில் மின்சாரம் இருக்காது என்பார்கள். முன்பெல்லாம் அதைப் படித்துச் சொல்ல வீட்டில் ஒருவர் இருந்தால் போதும். காலையிலேயே மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, மாவையும் ஆட்டி வைத்துவிட்டால் கவலை தீர்ந்தது. இன்று அதே ஐந்து மணி நேரத்தில் மகனுக்கு ஆபீஸ் மீட்டிங், மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, படுத்திருக்கும் பாட்டிக்கு ஃபேன். கரண்ட் போன அடுத்த நொடி வைஃபை போகிறது. வைஃபை போன அடுத்த நொடி வீட்டில் சத்தம் எழுகிறது.

கடைக்குப் போனால் பதில் தயாராக இருக்கும்: 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி, ஒரு சைன் வேவ் இன்வெர்ட்டர், ஒரு டிராலி. இருபதாயிரத்தைத் தாண்டிவிடும். என் வீட்டில் சோபாவுக்குப் பக்கத்தில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் டப்பா. மளிகைச் சாமான் போட்டு வைப்பதற்காக வாங்கியது. அதற்குள் நான்கு செல்லும் சில சில்லறைச் சாமான்களும் இருக்கின்றன. மொத்தமாக ஏழாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஐந்து மணி நேரம் தாங்குகிறது. அதைக் கட்டிய கதையும், அதற்கு முன்னால் இன்னொன்றைக் கெடுத்துக்கொண்ட கதையும்தான் இந்தக் கட்டுரை.

இருட்டு சொல்லிக்கொடுத்தது

தமிழ்நாட்டில் இன்வெர்ட்டர் என்ற சொல் ஆடம்பரத்திலிருந்து அத்தியாவசியத்துக்கு இறங்கி வந்தது 2008-க்கும் 2013-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில். 2012-இல் சென்னைக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேர வெட்டு என்று அறிவிப்பு இருந்தது. மதுரையிலும் கோவையிலும் இருந்தவர்கள் அந்த இரண்டு மணி நேரத்தைக் கேட்டு வயிற்றெரிச்சல் பட்டார்கள். அங்கெல்லாம் ‘எப்போது போகும்’ என்ற கேள்வி தேய்ந்து ‘எப்போது வரும்’ என்றாகியிருந்தது. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. இரவிலும் அப்படித்தான். கைவிசிறியோடு மொட்டை மாடிக்குப் படுக்கப் போன தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு பற்றாக்குறை தீர்ந்தது, புயல்கள் வந்தன. 2016 டிசம்பரில் வர்தா சென்னையைப் புரட்டியது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. டெல்டாவின் உள்கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம். அப்போது எங்கள் பகுதியில் தண்ணீர் வடியும்வரை மின்சாரம் தரவில்லை. தரக்கூடாது என்பதுதான் சரி. அந்த நாட்களில் என்னிடம் இருந்தது சார்ஜ் இல்லாத ஒரு பவர் பேங்க். கீழ் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. அது முதல் நாள் சாயங்காலமே சோர்ந்துவிட்டது.

ஏன் சோர்ந்தது என்று பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று பழைய சீலிங் ஃபேன், ஒவ்வொன்றும் 75 வாட். 20 வாட் டியூப் லைட் ஐந்து. ஒரு டி.வி. 80 வாட் என்று வையுங்கள். 405 வாட் ஆகிறது. இன்வெர்ட்டரே விழுங்குவதையும் சேர்த்தால் பேட்டரி ஏறக்குறைய 500 வாட் தர வேண்டும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அது 40 ஆம்பியர்.

இங்கேதான் லேபிளில் உள்ள எண் ஏமாற்றுகிறது. ‘150 ஏ.எச்.’ என்பதற்குக் கீழே சின்னதாக ‘சி20’ என்று அச்சிட்டிருப்பார்கள். இருபது மணி நேரத்துக்கு நிதானமாக, ஏழரை ஆம்பியர் வீதம் எடுத்தால்தான் அந்த 150 கிடைக்கும் என்று அர்த்தம். வேகமாக உறிஞ்சினால் பேட்டரி தன் கொள்ளளவை முழுசாகத் தராது. 1897-இலேயே பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் இதை அளந்து எழுதிவைத்துவிட்டார். 40 ஆம்பியர் வீதம் எடுத்தால் அந்தப் புது பேட்டரிகூட மூன்று மணி நேரத்தை எட்டாது. கீழ் வீட்டுப் பேட்டரிக்கு நான்கு வயது வேறு.

“எதெல்லாம் ஓடணும்?”

எங்கள் தெருவில் வயரிங் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். முப்பது வருட அனுபவம். அவரிடம் போய், “அண்ணே, எத்தனை ஏ.எச். பேட்டரி போடலாம்?” என்று கேட்டேன். ஏணியிலிருந்து இறங்காமலே சொன்னார்: “சார், அதைக் கடைசியில கேளுங்க. கரண்ட் போனா உங்க வீட்ல எதெல்லாம் ஓடணும்? அதை ஒரு பேப்பர்ல எழுதிட்டு வாங்க.”

எழுதிக்கொண்டு போனேன். ஃபிரிட்ஜ், மிக்ஸி என்று தொடங்கிய பட்டியலை அவர் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்தார். “அஞ்சு மணி நேரம் திறக்காம விட்டா ஃபிரிட்ஜ் தாங்கும்.” அடித்தார். “டி.வி. பாக்கலைன்னா என்ன?” அடித்தார். கடைசியில் மிஞ்சியது மூன்று வரி: வைஃபை ரௌட்டர், இரண்டு விளக்கு, ஒரு ஃபேன்.

வீட்டுக்கு வந்து ரௌட்டரின் அடாப்டரைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். 12 வோல்ட், 1 ஆம்பியர். அதிகபட்சம் 12 வாட். நடைமுறையில் 8 வாட் போதும். எல்.இ.டி. விளக்கு 5 வாட் வீதம் இரண்டு, 10 வாட். பேட்டரியில் நேரடியாக ஓடும் டிசி ஃபேன் 25 வாட். கூட்டினால் 43. கீழ் வீட்டார் 405 வாட் ஓட்டிய இடத்தில் எனக்குத் தேவைப்பட்டது 43 வாட்.

மூன்று ஃபேன் இல்லாமல் முடியாது என்கிற வீடுகளும் உண்டு. அவர்களுக்கும் பேட்டரியைப் பெரிதாக்குவதுதான் வழி என்றில்லை. பி.எல்.டி.சி. ஃபேன் முழு வேகத்தில் 28 வாட் அளவில்தான் எடுக்கும். மூன்றை மாற்றினால் கிட்டத்தட்ட 140 வாட் மிச்சம். அதே பழைய இன்வெர்ட்டர் நான்கு மணி நேரத்தைத் தாண்டி ஓடும். புது பேட்டரிக்குக் கொடுக்கிற பணத்தை விடக் குறைவான செலவு, கரண்ட் இருக்கும்போதும் பில்லில் தெரியும். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். அவர் விற்பது பேட்டரி.

எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஓட்ட முடியும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யாழ்ப்பாணத்தார். 1990-இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் அரிதாகிவிட்டது. டார்ச்சுக்குப் போடுகிற பேட்டரியே தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. அங்கே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலில் சொற்ப எண்ணெயும் திரியும் வைத்துப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிள் டைனமோ தருவது 3 வாட் அளவு. ஒரு ஊர் அந்த 3 வாட்டில் உலகச் செய்தி கேட்டது. நாம் 43 வாட்டைக் கையில் வைத்துக்கொண்டு புலம்புகிறோம்.

தொட்டியும் குழாயும்

என் முதல் பெட்டி ரௌட்டருக்காக மட்டும். சென்னை ரிச்சி தெருவில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் சீல் செய்த பேட்டரி ஒன்று வாங்கினேன். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸுக்குள் இருக்குமே, அந்தச் செங்கல் அளவுப் பெட்டிதான். ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலை.

இதில் இன்வெர்ட்டர் தேவையில்லை என்பதுதான் விஷயம். யோசித்துப் பாருங்கள். பேட்டரியில் இருப்பது 12 வோல்ட் டிசி. இன்வெர்ட்டர் அதை 230 வோல்ட் ஏசி ஆக்குகிறது. ரௌட்டரின் அடாப்டர் அதை வாங்கி மறுபடி 12 வோல்ட் டிசி ஆக்குகிறது. காய்கறியைப் பொரித்து, மறுபடி பச்சையாக்க முயல்வது மாதிரி. சும்மா ஆன் செய்து வைத்திருக்கவே ஒரு சின்ன இன்வெர்ட்டர் 10 வாட் வரை தின்றுவிடும். ரௌட்டருக்கே 8 வாட்தான். இந்த இரட்டை மாற்றத்தைத் தவிர்ப்பது பற்றிச் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு நீண்ட காலம் உழைத்தது. ராஜஸ்தானின் பாலைவனக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு இன்வெர்ட்டரே இல்லாமல் 48 வோல்ட் டிசியில் விளக்கும் ஃபேனும் போட்டுக் காட்டினார்கள்.

இணைப்பு முறை நம் வீட்டு மேல்நிலைத் தொட்டி மாதிரி. மோட்டார் தொட்டியை நிரப்புகிறது. குழாய் தொட்டியிலிருந்து வருகிறது. மோட்டார் ஓடினாலும் நின்றாலும் குழாயைத் திறப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அப்படியே சார்ஜர், பேட்டரி, ரௌட்டர் மூன்றையும் ஒரே இரட்டை வயரில் கோத்துவிட்டால் போதும். கரண்ட் போகும்போது மாறுவதற்கு ரிலேயோ சுவிட்சோ இல்லை. ரௌட்டரின் பச்சை விளக்கு சிமிட்டக்கூடச் சிமிட்டாது.

ஆனால் மோட்டார் தொட்டியை வழியவிடக் கூடாது. பேட்டரியின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதை முதல் தடவையாக அப்போதுதான் படித்தேன். எப்போதும் சார்ஜில் இருக்கும் உபயோகத்துக்கு 13.5 முதல் 13.8 வோல்ட், தொடக்கத்தில் 2.1 ஆம்பியருக்கு மேல் கூடாது. சாதாரண 12 வோல்ட் அடாப்டரால் 12 வோல்ட் பேட்டரியை நிரப்ப முடியாது என்பது பலருக்குத் தெரியாது. முழுசாக நிரம்பிய பேட்டரியே 12.7 காட்டும், அதைவிட உயரத்திலிருந்துதானே ஊற்ற வேண்டும்? எனவே 13.6 வோல்ட்டுக்குச் சரிசெய்த, கரண்டைக் கட்டுப்படுத்தும் சி.சி.-சி.வி. சார்ஜர் வாங்கினேன். அந்த 13.6-ஐ ரௌட்டர் தாங்குமா என்ற சந்தேகத்துக்கு, நடுவில் ஒரு பக்-பூஸ்ட் மாட்யூல். உள்ளே எது வந்தாலும் வெளியே சரியாக 12. நகம் அளவு திருகை ஸ்க்ரூ டிரைவரால் திருப்பி, மல்டிமீட்டரில் 12.0 வரும்வரை வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு எளிது. 12 பெருக்கல் 7, 84 வாட்-அவர். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும் என்பதால் 42-ஐத்தான் நம்ப வேண்டும். 8 வாட் ரௌட்டருக்கு ஐந்து மணி நேரம் சொச்சம்.

ஒரு ஃபியூஸின் விலை

அந்தப் பெட்டியில் நான் ஃபியூஸ் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ‘12 வோல்ட்தானே, கையால் தொட்டாலே ஷாக் அடிக்காது, இதற்கு எதற்கு ஃபியூஸ்’ என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம். தூசி தட்டுவதற்காக டப்பாவை நகர்த்தி, மூடியை அழுத்தி மூடினேன். மூடியின் விளிம்பு வயரை நசுக்கிவிட்டது. இரண்டு கம்பியும் ஒன்றையொன்று தொட்டன. ஒரு நொடிகூட இருக்காது. சிவப்பு வயரின் மேலுறை வெந்து, கறுத்து, சுருண்டு, உள்ளே செம்புக் கம்பி, இட்லிப் பாத்திரத்தின் அடியில் தெரிகிற பர்னர் மாதிரி சிவந்தது. “ஏங்க, என்னங்க தீயிற வாசனை?” என்று மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தபோது, நான் பாத்திரம் துடைக்கும் துணியைச் சுற்றிக்கொண்டு டெர்மினலிலிருந்து வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் ஒரு கோடு வெந்திருந்தது. சோபா பிழைத்தது.

ஷாக் அடிப்பதற்கு வோல்ட் வேண்டும்; தீப்பிடிப்பதற்கு ஆம்பியர் போதும். அந்தச் செங்கல் அளவு பேட்டரியே ஷார்ட் ஆனால் நூறு ஆம்பியருக்கு மேல் தள்ளும். பெரிய டியூபுலர் பேட்டரி பல நூறு. அதன் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு ஸ்பேனர் விழுந்தால் ஸ்பேனரே பற்றவைத்தது மாதிரி ஒட்டிக்கொள்ளும். மோதிரம் போட்ட விரலோ வளையல் போட்ட கையோ விழுந்தால் என்னாகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. பேட்டரி வேலைக்கு உட்காரும் முன் மோதிரம், வாட்ச், செயின், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைப்பது சம்பிரதாயம் மாதிரி ஆக வேண்டும்.

பாசிட்டிவ் முனையிலிருந்து வயர் கிளம்பும் இடத்திலேயே, விரலளவு தூரத்துக்குள், ஃபியூஸ் வர வேண்டும். தள்ளி வைத்தால் ஃபியூஸுக்கு முன்னால் இருக்கிற வயருக்குப் பாதுகாப்பில்லை. கார்களில் போடுகிற பிளேடு ஃபியூஸும் அதற்கான ஹோல்டரும் ஆட்டோமொபைல் கடைகளில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அண்ணனிடம் கையைக் காட்டினேன். “ஷோவுக்கு மீட்டர் வாங்கி ஒட்டியிருக்கீங்க, ஃபியூஸ் வாங்கலையா சார்?” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

பரணில் கிடக்கும் ஆசைகள்

பாதி வீடுகளின் பரணில் பழைய கம்ப்யூட்டர் யு.பி.எஸ். ஒன்று கிடக்கும். ‘அதில் ஒரு பெரிய பேட்டரியைக் கோத்துவிட்டால் இன்வெர்ட்டர் ஆச்சே’ என்ற யோசனை எனக்கும் வந்தது. செய்தவர்களும் இருக்கிறார்கள். அந்த யு.பி.எஸ். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி, வேலையைச் சேவ் செய்ய அவகாசம் கொடுப்பதற்காகச் செய்தது. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்க்கும் அந்தப் பதினைந்து நிமிடச் சூட்டுக்குத்தான். மூன்று மணி நேரம் ஓட்டினால் சூடு ஏறிக்கொண்டே போகும். சார்ஜரும் அப்படித்தான்: 1 ஆம்பியர் கொடுக்கிற சார்ஜரால் காலியான 150 ஆம்பியர்-அவர் பேட்டரியை நிரப்ப ஆறு நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் மூன்று தடவை கரண்ட் போயிருக்கும்.

பழைய கார் பேட்டரியும் வேண்டாம். இன்ஜினைக் கிளப்ப ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் தருவதற்காக மெல்லிய தகடுகளை நிறைய அடுக்கிச் செய்தது அது. தினமும் பாதிவரை இறக்கி ஏற்றினால் சில மாதங்களில் செத்துவிடும். டியூபுலர் பேட்டரியின் தடித்த குழல் தகடுகள்தான் அந்த வேலைக்கு.

ஈய பேட்டரியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சார்ஜ் ஏறும்போது திறந்த வகை பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பூஜை அறைக்குப் பக்கத்திலும் மூடிய அலமாரிக்குள்ளும் அதை வைக்காதீர்கள். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், ஆர்.ஓ. தண்ணீர், ஃபிரிட்ஜ் ஐஸ் உருகிய தண்ணீர் எதுவும் ஆகாது. வெக்கையும் அதற்கு எமன். 25 டிகிரிக்கு மேல் ஏறக்குறைய பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் பழகிய கணக்கு. மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே பேட்டரி வைத்துவிட்டு, ‘வாரண்டி முடிந்த மறுமாசமே போயிடுச்சு’ என்றால் கம்பெனி என்ன செய்யும்?

லேப்டாப் செல்லும் வேலூர் இரவும்

அடுத்து லித்தியம். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்தால் 18650 என்கிற உருளை செல்கள் ஆறு கிடைக்கும். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், பெயரே அளவுதான். ஆறில் நான்கு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எடைக்கு எடை விலை பேசி வாங்கி, நூற்றுக்கணக்கில் கோத்து, வீடு முழுக்க ஓட்டுகிற கெட்டிக்காரர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொரு செல்லையும் ஏற்றி இறக்கி அளந்து, தானாகச் சூடாவதைத் தூக்கி எறிந்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் கம்பி வைத்துச் செய்கிறார்கள். நாம் செய்யப்போவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில்.

2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில், இரவு சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத்திணறி அப்பாவும் பதின்மூன்று வயது மகளும் இறந்துபோனார்கள். அந்த ஆண்டு நாடெங்கும் நடந்த இப்படியான தீ விபத்துகளுக்குப் பிறகுதான் வாகன பேட்டரிகளுக்கான சோதனை விதிகளை ஒன்றிய அரசு கடுமையாக்கியது. தொழிற்சாலையில் செய்த பேட்டரிக்கே இது நேர்கிறது என்றால், வயது தெரியாத செல்களைக் கோத்து, குழந்தைகள் தூங்கும் அறையில் விடிய விடியச் சார்ஜ் போடுவதை நான் எந்த வாசகருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

லித்தியத்திலேயே சாதுவான ஜாதி ஒன்று இருக்கிறது: லித்தியம் அயர்ன் பாஸ்பேட். கடையில் ‘எல்.எஃப்.பி.’ அல்லது ‘லைஃப்போ’ என்பார்கள். 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃப் குழுவினர் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அவருக்கு 97 வயதில், 2019-இல், வேதியியல் நோபல் கிடைத்தது. நோபல் வரலாற்றிலேயே அவ்வளவு வயதில் பரிசு வாங்கியவர் வேறு யாருமில்லை. லேப்டாப் செல்லை விட இந்தச் செல் கனம். ஆனால் அவ்வளவு லேசில் கொந்தளிக்காது. ஒழுங்காக வைத்துக்கொண்டால் இரண்டாயிரம் தடவைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்ற தொல்லையும் இல்லை. தொண்ணூறு சதவீதம் வரை எடுக்கலாம்.

என் இரண்டாவது பெட்டி இதில்தான். 3.2 வோல்ட், 20 ஆம்பியர்-அவர் செல்கள் நான்கு. புதியவை, ஒரே தொகுப்பில் வந்தவை. தொடராக இணைத்தால் 12.8 வோல்ட், 256 வாட்-அவர். தொண்ணூறு சதவீதம் என்றால் 230. என்னுடைய 43 வாட்டால் வகுத்தால் ஐந்து மணி நேரம் சொச்சம். பத்திரிகையில் வரும் அந்த ஒன்பது டு இரண்டுக்குக் கச்சிதம்.

நான்கையும் தொடராக இணைக்கும் முன் ஒரு காரியம் செய்ய வேண்டும். எல்லாச் செல்லையும் பக்க இணைப்பில் கோத்து, 3.65 வோல்ட் வரை ஒன்றாக நிரப்ப வேண்டும். சின்ன சார்ஜரில் ஒரு முழு நாள் எடுக்கும். பொறுமை இல்லாமல் இதை விட்டுவிட்டால், ஒரு செல் நிரம்பி வழிய, இன்னொன்று அரை வயிற்றோடு நிற்கும். அப்புறம்தான் தொடர் இணைப்பும், அதன்மேல் பி.எம்.எஸ். என்ற காவல்கார போர்டும். இரண்டரை வோல்ட்டுக்குக் கீழே எந்தச் செல் போனாலும் அது வெளியே போகும் கரண்டை நிறுத்தும், 3.65-ஐத் தாண்டினால் உள்ளே வரும் கரண்டை நிறுத்தும். ஐந்நூறு ரூபாயை ஒட்டி வரும் இந்த போர்டு இல்லாமல் லித்தியத்தைத் தொடவே கூடாது. இதன் மெல்லிய வயர்கள் ஐந்தையும் வரிசை மாறாமல், போர்டில் சொருகுவதற்கு முன்பே மீட்டரில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துச் செருக வேண்டும். நான் இரண்டு தடவை பார்த்தேன். உள்ளங்கைக் கோடு மூன்றாவது தடவையும் பார்க்கச் சொன்னது.

பத்து ஆம்பியர் ஃபியூஸ், பாசிட்டிவ் முனையிலிருந்து கட்டைவிரல் தூரத்தில். சார்ஜர் பழைய மாதிரியே சி.சி.-சி.வி.; வோல்ட்டை மட்டும் 13.8-க்குத் திருகினேன். 14.6 வரை ஏற்றலாம்தான். ஆனால் எப்போதும் சார்ஜிலேயே கிடக்கப்போகிற பெட்டியை உச்சியிலேயே நிறுத்தி வைக்கத் தேவையில்லை. பல்பும் ஃபேனும் சோலார் கடையில் வாங்கியவை. பேட்டரியின் ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவை. டப்பாவின் இரண்டு பக்கமும் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டேன். வயர் வெளியே வரும் ஓட்டையில் ரப்பர் வளையம். மூடி இனி எதையும் நசுக்காது.

முகப்பில் ஒட்டிய வோல்ட் மீட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஈய பேட்டரி வெள்ளந்தி. நிரம்பினால் 12.7, பாதியானால் 12.2 என்று உள்ளதைச் சொல்லிவிடும். இந்த லித்தியம் அழுத்தக்காரன். எண்பது சதவீதத்திலும் 13.2 காட்டும், முப்பதிலும் ஏறக்குறைய அதையே காட்டும். காலியாகும் நேரத்தில் சடாரென்று சரியும். மீட்டரைப் பார்த்து ‘இன்னும் நிறைய இருக்கு’ என்று மூன்றாவது விளக்கைப் போட்ட அன்று, மகளின் வகுப்பு நடுவிலேயே எல்லாம் அணைந்தது. கடிகாரத்தைப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

செய்யக்கூடாதவை

சில விஷயங்களில் சிக்கனம் பேசக்கூடாது. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் போன்ற உயிர் காக்கும் கருவிகளை வீட்டில் செய்த பெட்டியை நம்பி ஓட்டாதீர்கள். அதற்கென்று செய்து, சோதித்து, பில்லோடு வருகிறதை வாங்குங்கள்.

அதைவிட ஆபத்தானது, பெட்டியையோ இன்வெர்ட்டரையோ ஜெனரேட்டரையோ சுவர் பிளக்கில் சொருகி வீட்டு வயரிங்குக்குள் கரண்டைத் தள்ளுவது. இரண்டு பக்கமும் பின் வைத்த வயரைச் செய்து இதைச் சாதாரணமாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மெயின் சுவிட்சை ஆஃப் செய்ய மறந்தால், உங்கள் வீட்டு 230 வோல்ட் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் தலைகீழாக ஏறி, உயர் அழுத்தக் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக நிற்கும். அந்த நேரத்தில் கம்பத்தில் இருப்பவர், லைன் ஆஃப் ஆகியிருக்கிறது என்று நம்பி ஏறிய லைன்மேன். கஜாவின்போது பல மாவட்டங்களிலிருந்து வந்து, சேற்றில் நின்று கம்பம் நட்டார்களே, அவர்கள்தான். என் டப்பா வீட்டு வயரிங்கைத் தொடுவதே இல்லை. அதன் விளக்குக்கும் ஃபேனுக்கும் தனி வயர்.

‘மாடியில் சோலார் போட்டிருக்கிறோமே, கரண்ட் போனால் அதுவும் ஏன் நிற்கிறது?’ என்று கேட்கிறவர்களுக்கும் பதில் இதே லைன்மேன்தான். மானியத்தில் போடுகிற, பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் அமைப்பு தெருவில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிட வேண்டும் என்பது விதி. நல்ல வெயிலில் மேலே பேனல், கீழே புழுக்கம் என்று உட்கார்ந்திருப்பது எரிச்சல்தான். வேறு வழியில்லை.

ஆயுள் முடிந்த பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். ஈய பேட்டரிக்குப் பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும் வழக்கம் நம்மிடம் நன்றாகவே ஊறியிருக்கிறது. லித்தியத்துக்கு இன்னும் அப்படி இல்லை. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது வைக்கின்றன. வாங்கும்போதே, “பழசை எடுத்துக்குவீங்களா?” என்று கடையில் கேட்டு வையுங்கள்.

எங்கள் பகுதிக்குப் போன வாரமும் பராமரிப்பு மின்தடை வந்தது. ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்குப் போனது. ரௌட்டர் சிமிட்டவில்லை. ஃபேன் தன்பாட்டுக்குச் சுற்றியது. பதினொரு மணிக்குக் கீழ் வீட்டம்மா படியேறி வந்து, டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “தம்பி, இது மாதிரி ஒண்ணு எனக்கும் செஞ்சு கொடேன். ஃபேனும் ஒரு லைட்டும் போதும்” என்றார். பெரிய இன்வெர்ட்டர் வைத்திருப்பவர் கேட்ட ‘போதும்’ அது. இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கரண்ட் வந்தது.

கீழ் வீட்டம்மாவுக்கான செல் நான்கும் வந்துவிட்டன. ஒரு முழு நாள் நிரப்பியும் ஆயிற்று. பி.எம்.எஸ். மேசையில் இருக்கிறது. பக்கத்து ஆட்டோமொபைல் கடையில் ஃபியூஸ் ஹோல்டர் மட்டும் ஸ்டாக் இல்லை, திங்கள்கிழமை வரும் என்றார்கள். அதுவரை அந்த டப்பாவில் ஒரு வயரும் கோக்கவில்லை.